அடிக்காதே என்ற சட்டமும் அடி என்ற வழக்கமும்

எங்கள் கம்பம் பள்ளத்தாக்கில் ஓர் ஊர். பெயர் வேண்டாம். பெயரைப் போட்டால் அந்த ஊரில் மட்டும்தான் இப்படி என்று மற்ற ஊர்க்காரன் நிம்மதியாகத் தூங்கிவிடுவான். ஆதிக்க சாதி வீட்டில் ஒரு பெரிய சாவு. வழக்கம்போலக் காலனிக்கு ஆள் வந்தது. 'கொட்டுக்காரங்கள வரச் சொல்லு' என்று உத்தரவு. இந்தமுறை பையன்கள் போகவில்லை. 'இனிமே வரமாட்டோம்' என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். மறுநாள் தோட்டத்துக்குக் களையெடுக்கப் போன பெண்களைப் பாதியிலேயே திருப்பி அனுப்பினார்கள். ஊர்க் கடையில் கடன் கிடையாது என்றார்கள். காலனிக்காரன் கறந்த பாலை ஊற்றிக்கொள்ள ஆளில்லை.

அந்தப் பையன்களில் நாலு பேர் ஒரு ஞாயிற்றுக்கிழமை மார்க்கையன்கோட்டைக்கு என் வீட்டுக்கு வந்தார்கள். திண்ணையில் பேச்சு சூடாகிவிட்டது. ஒருவன் சொன்னான்: 'தப்ப எரிச்சிருவோம்ணே. அது இருக்கிறவரைக்கும் அவன் கூப்பிடத்தான் செய்வான்.' மதுரையில் கல்லூரியில் படிக்கிறவன் மறித்தான்: 'அது நம்ம கலைண்ணே. மெட்ராஸ்ல மேடையில ஏத்தி அடிக்கிறான். நாம எரிக்கிறதா?' நாற்பது வருசம் தப்படித்த என் பெரியப்பா மூலையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். கடைசியில், 'எரிக்கிறவனும் சொல்லு, மேடையேத்துறவனும் சொல்லு. நாளைக்கு உலை வைக்க என்ன வழி?' என்றார்.

மூன்று பேர் சொன்னதிலும் உண்மை இருக்கிறது. மூன்றையும் ஒன்றாக வைத்துப் பேச எனக்கு அன்றைக்கு வார்த்தை கிடைக்கவில்லை. கைபேசியில் மாக்ஸ் ரோச் என்ற கறுப்பினக் கலைஞர் 1960இல் பதிவுசெய்த இசைத்தட்டைப் போட்டுக் காட்டினேன். அதை ஏன் போட்டேன் என்பதற்கான விளக்கம்தான் இந்தக் கட்டுரை.

*

'ஜாஸா? அது பெரிய ஓட்டல் சமாச்சாரமாச்சே' என்று தோழர்கள் சிரிக்கலாம். இந்தியாவுக்குள் அது அப்படித்தான் நுழைந்தது. 1930களில் பம்பாய் தாஜ்மகால் ஓட்டலில் லியான் அப்பி போன்ற அமெரிக்கக் கறுப்பினக் கலைஞர்கள் வாசித்தார்கள். ஆடியவர்கள் வெள்ளைத் துரைகளும் சமஸ்தான ராசாக்களும் பணக்காரர்களும். நமக்கும் அதற்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை. ஆனால் யாருடைய ஓட்டலில் வாசித்தார்கள் என்பதை விட்டுவிட்டு, வாசித்தவன் யார், அவன் பாட்டன் யார் என்று கேட்டால் கதை நம் தெருவுக்கு வந்துவிடும்.

1739 செப்டம்பரில் அமெரிக்காவின் தென் கரோலினாவில், ஸ்டோனோ ஆற்றங்கரையில் அடிமைகள் கிளர்ந்தெழுந்தார்கள். கொடி பிடித்து, முரசு கொட்டிக்கொண்டு நடந்தார்கள். முரசுச் சத்தம் கேட்டு வழியில் மேலும் மேலும் ஆட்கள் சேர்ந்தார்கள். கிளர்ச்சியை இரத்தத்தில் மூழ்கடித்த வெள்ளையர்கள் அடுத்த வருசமே, 1740இல், சட்டம் போட்டார்கள். அடிமைகள் முரசு வைத்திருக்கக் கூடாது, கொம்பு ஊதக் கூடாது. தோலில் அடித்தால் ஆள் சேரும் என்று எசமானனுக்குத் தெரிந்திருந்தது. தோலைப் பிடுங்கிக்கொண்டான். அடிமை கையைத் தட்டினான், காலால் தரையை உதைத்தான், தன் உடம்பையே முரசாக்கினான். நியூ ஆர்லியன்சில் காங்கோ சதுக்கம் என்ற திடலில் மட்டும் ஞாயிற்றுக்கிழமைகளில் கூடி அடிக்கவும் ஆடவும் விட்டார்கள். ஜாஸ் பிறந்தது அதே ஊரில்தான்.

இங்கே என்ன நடந்தது? நம் கையிலிருந்து தப்பைப் பிடுங்கவில்லை. கையோடு சேர்த்துக் கட்டிவிட்டார்கள். சாவா, அடி. கோவில் கொடையா, தள்ளி நின்று அடி. தண்டோராவா, தெருத்தெருவாய் அடி. அங்கே அடிக்காதே என்றது சட்டம். இங்கே அடித்தே தீரவேண்டும் என்றது வழக்கம். மேலுக்குப் பார்த்தால் நேரெதிர். உள்ளே அதிகாரம் ஒன்றுதான். தோல் எப்போது பேச வேண்டும், எப்போது வாயை மூட வேண்டும் என்று முடிவுசெய்கிறவன் எவனோ அவன் எசமான். இதைப் புரிந்துகொள்ளாமல் 'பறை நல்லதா கெட்டதா' என்று பட்டிமன்றம் நடத்துகிறோம். அடிப்பதா வேண்டாமா என்று முடிவுசெய்யும் உரிமை யார் கையில் இருக்கிறது என்பதுதான் கேள்வி.

*

பெயரிலிருந்தே சண்டை தொடங்குகிறது. ஜாஸ் என்று பெயர் போட்டு 1917இல் வெளிவந்த முதல் இசைத்தட்டு வெள்ளையர் குழு ஒன்றினுடையது. 1920களில் 'ஜாஸின் அரசன்' என்று பட்டம் சூட்டிக்கொண்டவர் பால் வைட்மன் என்ற வெள்ளையர். படைத்தவன் தெருவில் நின்றான். பட்டம் வேறு வீட்டுக்குப் போனது. பிற்பாடு மாக்ஸ் ரோச், சார்லஸ் மிங்கஸ் போன்ற பெருங்கலைஞர்கள் ஜாஸ் என்ற சொல்லையே வேண்டாம் என்றார்கள். அது எங்கள் இசைக்கு அடுத்தவன் ஒட்டிய சீட்டு என்றார்கள்.

நமக்கு இது புதிதா? 1893இல் இரட்டைமலை சீனிவாசன் 'பறையன்' என்றே பத்திரிகைக்குப் பெயர் வைத்தார். வசவாக இருந்ததை எடுத்து நெற்றியில் எழுதிக்கொண்டார். அதே காலத்தில் அயோத்திதாசப் பண்டிதர் அந்தப் பெயரே நமதல்ல, எதிரி சூட்டியது என்றார். இருவரில் ஒருவரைத் துரோகி என்று எவன் சொல்வான்? தென்னார்க்காட்டில் இளையபெருமாள் சாவுக்குப் பறையடிக்க மாட்டோம் என்று மக்களைத் திரட்டினார். 1990களில் மதுரை தலித் ஆதார மய்யத்தின் கலை விழாக்களில் அதே பறை ஊர்வலமாக வந்தது. திண்டுக்கல் சக்தி கலைக்குழுவில் பெண்கள் எடுத்து அடித்தார்கள். விட்டவரும் எடுத்தவரும் செய்தது ஒரே வேலை. முடிவைத் தங்கள் கைக்குக் கொண்டுவந்தார்கள்.

*

இப்போது மேடைக்காரர்களிடம் வருவோம். 'பறை தமிழரின் ஆதி இசை' என்று முழங்குகிறவர்கள் இன்றைக்கு ஏராளம். நகரத்துப் பிள்ளைகள் சனி ஞாயிறு வகுப்புக்குப் போய்க் கற்றுக்கொள்கிறார்கள். 2007இல் தொடங்கிய சென்னை சங்கமத்தில் தலைநகரத்துப் பூங்காக்களிலும் தெருக்களிலும் நாட்டுப்புறக் கலைகள் ஆடின. 2025இல் மதுரை மாவட்டத்துப் பறையிசைக் கலைஞர் வேலு ஆசானுக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது. மகிழ்ச்சிதான். அவர் கைக்கு அது என்றைக்கோ வந்திருக்க வேண்டும். ஆனால் விருது வந்துவிட்டது, மரியாதை வந்துவிட்டது, சாதி போய்விட்டது என்று கணக்கை முடிக்கிறார்களே, அங்கேதான் ஒரு கதை சொல்ல வேண்டியிருக்கிறது.

1959 ஆகஸ்ட் 17ஆம் தேதி மைல்ஸ் டேவிஸ் என்ற எக்காளக் கலைஞரின் 'கைண்ட் ஆஃப் ப்ளூ' இசைத்தட்டு வெளிவந்தது. ஜாஸ் வரலாற்றிலேயே மிக அதிகமாக விற்றவற்றில் ஒன்று. இன்றைக்கும் விற்கிறது. வெளிவந்து எட்டே நாள். ஆகஸ்ட் 25ஆம் தேதி இரவு. நியூயார்க்கில் 'பேர்ட்லேண்ட்' என்ற இசைக்கூடத்தில் வாசித்துவிட்டு இடைவேளையில் வாசலில் நிற்கிறார். ஒரு வெள்ளைப் பெண்ணை வாடகைக் காரில் ஏற்றிவிட்டு வந்தவர். போலீஸ்காரன் 'நகரு' என்கிறான். 'நான் இங்கேதான் வாசிக்கிறேன். மேலே எழுதியிருக்கிறதே, அது என் பெயர்தான்' என்கிறார். தலையில் அடி விழுகிறது. வெள்ளைச் சட்டையெல்லாம் இரத்தம். கைது செய்து கூட்டிப்போனார்கள்.

அவர் பெயர் மேலே விளக்கு வெளிச்சத்தில் இருக்கிறது. அவர் தலை கீழே இரத்தத்தில் இருக்கிறது. இசைக்குக் கிடைக்கும் மரியாதை இசைத்தவனுக்குத் தானாக வந்து சேர்ந்துவிடாது. பறையைக் கொண்டாடிக்கொண்டே பறையனை அடிக்கலாம். தப்பைத் தமிழர் அடையாளம் என்று சொல்லிக்கொண்டே தப்படிக்க மறுத்தவன் வீட்டுப் பாலை வாங்காமல் இருக்கலாம். இரண்டையும் ஒரே ஆள், ஒரே நாளில் செய்யலாம்.

நான் வேலை பார்த்த ஒரு கிளையில் ஆண்டுவிழா வந்தது. மேசைக்கு எதிரே உட்கார்ந்திருந்தவர் சிரித்த முகத்தோடு, 'சார், உங்க ஆளுங்க நல்லா அடிப்பாங்களே, ஒரு செட்டு ஏற்பாடு பண்ணுங்க' என்றார். கேட்டவர் கெட்டவர் இல்லை. அதுதான் சிக்கல். 'உங்க ஆளுங்க' என்று எனக்கு அவர் சொன்னபோது, தமிழர் ஆதி இசை எங்கே போயிற்று?

*

எல்லாரும் ஏற்றுக்கொண்ட மேடையில் எது ஏறும், எது ஏறாது என்பதற்கும் அமெரிக்காவில் சாட்சி இருக்கிறது. வெள்ளையர்கள் கறுப்பரை அடித்துக் கொன்று மரத்தில் தொங்கவிட்ட கொடுமையைப் பற்றி பில்லி ஹாலிடே 'ஸ்டிரேஞ்ச் ஃப்ரூட்' என்ற பாட்டைப் பாடினார். எழுதியவர் ஏபல் மீரபோல் என்ற யூத ஆசிரியர். ஹாலிடேயின் தட்டுகளை வெளியிட்டுவந்த கொலம்பியா நிறுவனம் இதைத் தொட மறுத்தது. 1939 ஏப்ரலில் கமடோர் என்ற சின்ன நிறுவனம் பதிவு செய்தது. ஓர் இசைத்தட்டுக் கடைக்காரர் நடத்திய நிறுவனம் அது.

இருபது வருசம் கழித்து அதே கதை. 1957இல் லிட்டில் ராக் பள்ளிக்கூடத்தில் ஒன்பது கறுப்பினப் பிள்ளைகள் நுழையக் கூடாதென்று படையை நிறுத்தியவர் அர்க்கன்சாஸ் ஆளுநர் ஃபாபஸ். அவரைக் கிண்டலடித்து மிங்கஸ் ஓர் இசைக்கோவை செய்தார். 1959இல் கொலம்பியா வெளியீட்டில் அது சொற்கள் இல்லாமல் வெறும் வாத்தியமாக வந்தது. 1960இல் கேண்டிட் என்ற சின்ன நிறுவனத்துக்காக மிங்கஸ் மறுபடி பதிவு செய்தார். இந்தமுறை வாய் திறந்து, ஆளுநரின் பெயரைச் சொல்லிக் காறித் துப்பினார். மெட்டுக்குப் பெரிய நிறுவனத்தில் இடம் இருந்தது. சொல்லுக்குச் சின்ன இடம்தான் கிடைத்தது. இந்த மாதிரிப் பத்திரிகையை நூறு இருநூறு பேருக்கு அச்சடித்து, பேருந்தில் தூக்கிக்கொண்டு அலைகிற தோழர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

திண்ணையில் நான் போட்டுக் காட்டிய மாக்ஸ் ரோச்சின் இசைத்தட்டும் அதே 1960இல், அதே கேண்டிட் வெளியிட்டதுதான். தலைப்பே 'வி இன்சிஸ்ட்'. நாங்கள் வற்புறுத்துகிறோம் என்று அர்த்தம். அட்டைப் படத்தில் மூன்று கறுப்பர்கள் ஒரு சாப்பாட்டுக் கடையில் வெள்ளையர் உட்காரும் இடத்தில் உட்கார்ந்து திரும்பிப் பார்க்கிறார்கள். பின்னால் வெள்ளைப் பரிமாறுகிறவன் நிற்கிறான். அந்த வருசம் பிப்ரவரி 1ஆம் தேதி கிரீன்ஸ்பரோ நகரில் நான்கு மாணவர்கள் அப்படி உட்கார்ந்துதான் நாடெங்கும் போராட்டத்தைப் பற்றவைத்தார்கள். இரட்டைக் குவளை டீக்கடையில் பெஞ்சில் உட்கார்ந்து அடிபட்ட நம் பையன்களுக்கு அந்தப் படத்தை யாரும் விளக்க வேண்டியதில்லை. பார்த்ததும் 'டீக்கடைண்ணே' என்றான் ஒருவன்.

அதில் ஓர் இடத்தில் ஆபி லிங்கன் என்ற பாடகி பாட்டை நிறுத்திவிட்டு அலறுகிறார். ஒரு நிமிடத்துக்கும் மேல் வெறும் அலறல். கூட ரோச்சின் முரசு மட்டும். கேட்க நன்றாக இருக்காது. நன்றாக இருப்பதற்காகச் செய்ததல்ல. கடைசிப் பகுதி தென்னாப்பிரிக்காவுக்கான கண்ணீர். 1960 மார்ச் 21ஆம் தேதி ஷார்ப்வில்லில் போலீஸ் சுட்டு 69 கறுப்பர்கள் செத்திருந்தார்கள். 1997இல் மேலவளவில் ஊராட்சித் தலைவர் முருகேசனையும் தோழர்களையும் வெட்டிச் சாய்த்தபோது நம் பெண்கள் போட்ட கூச்சலுக்கு எந்த ராகத்தில் பெயர் வைப்பீர்கள்? நம் ஒப்பாரியை நாட்டுப்புறவியல்காரர்கள் பதிவுசெய்து அட்டவணை போடுகிறார்கள். அது யாரைக் கூண்டில் ஏற்றுகிறது என்று மட்டும் அட்டவணையில் ஒரு கட்டம் இருக்காது.

*

சென்னைக்கும் ஜாஸ் வந்தது. சும்மா வரவில்லை. அரசாங்கச் செலவில் வந்தது. ருசியாவோடு போட்டி நடந்த காலம். 'எங்கள் நாட்டில் கறுப்பனுக்கும் சுதந்திரம் உண்டு, கேளுங்கள்' என்று காட்ட அமெரிக்க வெளியுறவுத்துறை ஜாஸ் குழுக்களை உலகம் சுற்ற அனுப்பியது. லூயி ஆம்ஸ்ட்ராங்கை ருசியாவுக்கு அனுப்பத் திட்டம். வெள்ளையருக்குப் பல்லைக் காட்டுகிறவர் என்று சொந்த மக்களே அவரை ஏசியதுண்டு. ஆனால் 1957இல் லிட்டில் ராக் செய்தி கேட்டதும், என் மக்களை இப்படி நடத்துகிற அரசாங்கம் நாசமாய்ப் போகட்டும், நான் போக மாட்டேன் என்றார். அவர் ஊதிய எத்தனையோ பாட்டுகளைவிட அந்த 'மாட்டேன்' எனக்குப் பெரிதாகத் தெரிகிறது.

1958இல் டேவ் புரூபெக் என்ற வெள்ளைக் கலைஞரின் குழு அப்படி அரசுப் பயணமாகச் சென்னை வந்தது. பழனி சுப்பிரமணிய பிள்ளையின் மிருதங்கத்தோடு சேர்ந்து வாசித்தார்கள். இரண்டு கண்டத்துத் தாளங்கள் சந்தித்தன என்று இன்றும் பெருமையாகச் சொல்கிறார்கள். சந்திக்கட்டும். மிருதங்கத்தில் பூட்டியிருந்த மாட்டுத்தோலை உரித்தது யார், பதப்படுத்தியது யார், வார் இழுத்துக் கட்டியது யார் என்று அன்றைக்கு யாரும் கேட்டதாகத் தெரியவில்லை. மிருதங்கம் செய்யும் தலித் கிறித்தவக் குடும்பங்களைப் பற்றி டி.எம்.கிருஷ்ணா எழுதிய 'செபாஸ்டியன் அண்ட் சன்ஸ்' 2020இல்தான் வந்தது. அதன் வெளியீட்டு விழாவுக்குக் கொடுத்த இடத்தைக் கலாக்ஷேத்ரா திரும்பப் பெற்றுக்கொண்டது. மாடு ஒன்றுதான், தோலும் ஒன்றுதான். சபா மேடையில் ஏறினால் தெய்வீகம், காலனியில் காய்ச்சினால் தீட்டு. அதைப் புத்தகமாக எழுதிக் காட்டினால் இடம் கிடையாது.

புரூபெக்கைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். அவர் குழுவில் யூஜின் ரைட் என்ற கறுப்பினக் கலைஞர் இருந்தார். 1960இல் அமெரிக்காவின் தென்மாநிலக் கல்லூரிகள் பல, ரைட் இல்லாமல் வந்தால் மேடை தருகிறோம் என்றன. புரூபெக் அந்தக் கச்சேரிகளை ரத்து செய்தார். பணம் போனது. பறை நம் அனைவருக்கும் சொந்தம் என்று தோள் சேர வரும் ஆதிக்க சாதி நண்பர்களே, உங்கள் பங்குக்கு நீங்கள் எதை ரத்து செய்தீர்கள்? உங்கள் ஊரில் கொட்டுக்கு ஆள் அனுப்பியபோது உங்கள் சொந்த வீட்டு வாசலில் நின்று ஒரு வார்த்தை சொன்னீர்களா?

*

பெரியப்பா கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லாமல் நழுவக் கூடாது. வயிற்றைப் பிடித்து ஆளைப் பணியவைப்பது அங்கேயும் உண்டு. நியூயார்க்கில் மது விற்கும் கூடங்களில் வாசிக்கப் போலீஸ் தரும் அனுமதி அட்டை வேண்டும். 1947இல் போதைப்பொருள் வழக்கில் சிறைக்குப் போன பில்லி ஹாலிடேக்கு வெளியே வந்தபின் அட்டை இல்லை. பியானோ மேதை தெலோனியஸ் மங்க் 1951இல் அட்டையை இழந்து, சொந்த ஊர்க் கூடங்களில் ஆறு வருசம் வாசிக்க முடியாமல் கிடந்தார். அந்த முறை 1967இல்தான் ஒழிந்தது. இங்கே அட்டை கிடையாது. ஊர்க் கட்டுப்பாடு இருக்கிறது. வேலை இல்லை, கடன் இல்லை, பாதை இல்லை. வேலை ஒன்றுதான்.

சட்டம் இருக்கிறது தோழர்களே. கட்டாய வேலை வாங்குவது, பிணம் சுமக்கவோ குழி தோண்டவோ கட்டாயப்படுத்துவது, சமூக அல்லது பொருளாதாரப் புறக்கணிப்பு செய்வது, அப்படிச் செய்வோம் என்று மிரட்டுவது எல்லாமே வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் 2015இல் செய்த திருத்தப்படி குற்றம். அந்தத் திருத்தம் 2016 ஜனவரி 26 முதல் நடைமுறையில் இருக்கிறது. ஆனால் சட்டம் காவல் நிலையத்துக்குத் தானாக நடந்து போகாது. பால் வாங்க மறுத்த அன்றே தேதி போட்டு எழுதி வைக்க வேண்டும். வேலையிலிருந்து திருப்பப்பட்ட பெண்கள் எல்லாரும் சேர்ந்து கையெழுத்துப் போட வேண்டும். பக்கத்து ஊர்க் காலனிகள் அரிசியோடு வர வேண்டும். இதைச் செய்யாமல் 'விடுடா தப்பை' என்று மேடையில் கத்துவது பெரியப்பாவின் உலையில் தண்ணீர் ஊற்றுகிற வேலை.

நம் அழுக்கையும் சொல்லிவிடுகிறேன். நம்மில் ஒரு பகுதி தப்பை விட்டது. விட்டதும் என்ன நடந்தது? நமக்கும் கீழே என்று நாமே நினைத்துக்கொண்டிருக்கிற அருந்ததியர் தலையில் அது போய் விழுந்தது. நாம் விடுதலை என்று கொண்டாடினோம். எசமானனுக்குக் கொட்டு நிற்கவில்லை, ஆள் மட்டும் மாறினான். ஒரு சாதி மறுத்தால் அடுத்த சாதியைக் கூப்பிடுவான் என்பது தெரிந்தும் தனித்தனியாக மறுத்தோமே, அதற்குப் பெயர் போராட்டமா?

*

ஆகவே நான் எரிக்கச் சொல்லவில்லை. கும்பிடவும் சொல்லவில்லை. கூப்பிட்டதும் போகாத உரிமை முதலில் வேண்டும். அது வந்த பிறகுதான் கலை என்ற பேச்சு. ஆதிக்க சாதிச் சாவுக்கு எந்தக் காலனியிலிருந்தும், எந்த உட்சாதியிலிருந்தும் ஆள் போகக் கூடாது. இதை எல்லாக் காலனிகளும் சேர்ந்து உட்கார்ந்து முடிவு செய்ய வேண்டும். மேடைக்குக் கூப்பிட்டால் கூலி முன்கூட்டியே, பணமாக. சாராயமாகவோ பழஞ்சேலையாகவோ அல்ல. பதிவு செய்தால் அடித்தவன் பெயர் அதில் வேண்டும். 'கிராமியக் கலைஞர்கள்' என்று மொத்தமாகப் போடக் கூடாது. நம் பெண்பிள்ளைகள் கையில் முதலில் குச்சியைக் கொடுக்க வேண்டும். ஆதி இசை என்று சொல்கிறவர்களுக்கு ஒரு விண்ணப்பம்: உங்கள் அப்பன் சாவுக்கு உங்கள் மகன் அடிக்கட்டும். அன்றைக்கு நானும் வந்து நின்று கேட்கிறேன்.

1963 செப்டம்பர் 15ஆம் தேதி பர்மிங்காமில் கறுப்பர் தேவாலயத்தில் குண்டு வைத்து நான்கு சிறுமிகளைக் கொன்றார்கள். இரண்டு மாதம் கழித்து, நவம்பர் 18ஆம் தேதி, ஜான் கோல்ட்ரேன் 'அலபாமா' என்ற இசையைப் பதிவு செய்தார். அதுவும் சாவு இசைதான். ஆனால் எவனும் ஆள் அனுப்பிக் கூப்பிடவில்லை. தன் மக்களின் சாவுக்குத் தானே போய் வாசித்தார். நம் தப்பும் அப்படிப் பேச வேண்டிய சாவுகள் நமக்குக் குறைவா?

அன்றைக்குத் திண்ணையில் ரோச் அடித்து முடித்ததும் பெரியப்பா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, 'யார் வீட்டுச் சாவுக்குப்பா இப்பிடி அடிக்கிறான்?' என்று கேட்டார். 'சாவுக்கு இல்ல பெரியப்பா. இனிமே அடிமையா இருக்கமாட்டோம்னு சொல்றதுக்கு' என்றேன். 'அப்ப சரி' என்றவர், பையன்களைப் பார்த்து, 'எரிக்க வேணாம்டா. கொண்டாந்து என் வீட்ல வைங்க. அவன் கூப்பிட்டா இல்லன்னு சொல்லிக்கலாம்' என்றார்.

நாலு தப்பும் இப்போது பெரியப்பா வீட்டுப் பரணில் இருக்கிறது. வரும் ஏப்ரல் 14க்குக் காய்ச்சி எடுக்கப்போகிறோம். கூப்பிட்டு வருகிறவர்கள் தேவையில்லை. தாங்களாக வருகிற தோழர்கள் வாருங்கள்.